நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறதா? ஆசனவாய்ப் பைக் கோளாறுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

நாய் பின்புறத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாலே, “சுரப்பி நிறைந்துவிட்டது, பிழிந்துவிட்டால் சரியாகிவிடும்” என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். நாய்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டிப் பராமரிப்பது என் தொழில். இதே வேண்டுகோளோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி வரும் நாய்களில் பலவற்றுக்குப் பிழிய ஒன்றுமே இருப்பதில்லை. சிலவற்றின் மேல் கையே வைக்கக்கூடாது. எந்த நாய் எந்த வகை என்பது, கையுறை மாட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் இந்த வழிமுறை பார்ப்பதில் தொடங்குகிறது. பிழிவது பாதியில்தான் வருகிறது.

முதலில் கை படாமல் பாருங்கள்

நாயை நல்ல வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். வீட்டில் இன்னொருவர் தலைப் பக்கம் நின்று அதனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் வாலை மெதுவாகத் தூக்குங்கள். தூக்க விடுகிறதா, காலிடுக்கில் ஒடுக்கிக்கொள்கிறதா, திரும்பி உறுமுகிறதா என்பதே முதல் சோதனை. உறுமினால் அங்கேயே நிறுத்திவிட்டு, கீழே வீக்கம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

ஆசனவாயை ஒரு கடிகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். வால் இருக்கும் இடம் 12. நாற்றமுள்ள திரவம் சுரந்து தேங்கும் ஆசனவாய்ப் பைகள் இரண்டும் (பலர் ‘சுரப்பி’ என்று சொல்வது இவற்றைத்தான்) 4 மணிக்கும் 8 மணிக்கும் நேராக, தோலுக்கு அடியில் தசைக்குள் புதைந்திருக்கும். சிறிய நாய்க்குப் பட்டாணி அளவு, பெரிய நாய்க்குத் திராட்சை அளவு. சாதாரணமாக வெளியே எதுவும் தெரியாது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தாலோ, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ, ஓட்டை தெரிந்தாலோ பிழியும் பேச்சுக்கே இடமில்லை.

மலத்தையும் பாருங்கள். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். கெட்டியான மலம் வெளியேறும்போது தரும் அழுத்தத்தில்தான் பைகள் தாமாகக் காலியாகின்றன. மலம் பல நாளாகக் குழைந்தே போகிறது என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

## அறிகுறி: உட்கார்ந்தபடி பின்புறத்தை இழுத்துத் தேய்க்கிறது

எப்போதோ ஒரு முறை தேய்ப்பது நோயல்ல. ஒரே நாளில் பல முறை, அல்லது நாள்தோறும் தொடர்ந்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முடியில் மலம் ஒட்டியிருக்கிறதா?

நீள முடி நாய்களில் மலம் முடியோடு சேர்ந்து காய்ந்து, ஆசனவாயையே மூடிவிடுவது உண்டு. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, சில நிமிடம் அழுத்தி ஊறவைத்துக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் முடிச்சைக் கிளிப்பரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்; அந்த இடத்துத் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து மேலே எழும்பி வந்து வெட்டுப்பட்டுவிடும். முடிவெட்டிய மறுநாளே தேய்க்கத் தொடங்கினால் அது கிளிப்பர் பட்ட எரிச்சலாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

சமீபத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா?

இருந்திருந்தால் தோல் எரிவதால் தேய்க்கிறது. ஒவ்வொரு முறையும் நீரால் கழுவி ஒற்றித் துடைத்து, மலம் சரியாகும் வரை காத்திருங்கள். மலம் கெட்டியான பிறகும் தேய்த்தல் நிற்கவில்லை என்றால், அந்த இடைவெளியில் பைகள் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாலடியில் வெள்ளைத் துண்டுகள் தெரிகின்றனவா?

நாடாப்புழுவின் துண்டுகள் ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியிலும் படுக்கையிலும் கிடக்கும். புதியவை வெண்மையாக, மெல்ல நெளியும். காய்ந்தவை மஞ்சள் நிறத்தில் அரிசி மணி அளவில் இருக்கும். எல்லாப் புழு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் உள்ளதா என்று பார்த்து, நாயின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். இந்தப் புழு வருவது தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால். தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சில வாரங்களில் அதே துண்டுகளைத் திரும்பவும் பார்ப்பீர்கள்.

தேய்ப்பதோடு இடுப்பின் மேற்புறத்தையும் வாலடியையும் கடிக்கிறதா?

தெள்ளுப்பூச்சிதான் முதல் சந்தேகம். மெல்லிய பற்கள் உள்ள சீப்பால் வாலடி முடியை வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். கறுப்புத் துகள்கள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம். நாயின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது. நாய்க்கு மருந்து, படுக்கைக்குச் சுடுநீர்த் துவைப்பு, வீட்டிலுள்ள மற்ற பிராணிகளுக்கும் மருந்து என்று மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. பூனைக்கு அதைப் போடவும் கூடாது, மருந்து காயும் வரை பூனை அந்த நாயோடு ஒட்டிப் படுக்கவும் விடக்கூடாது.

இவை எதுவும் இல்லையா?

இப்போதுதான் பைகள் நிறைந்திருக்கின்றனவா என்ற கேள்வி வருகிறது. நிறைந்த பைக்குச் சில அடையாளங்கள் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும் நாய் சட்டென்று எழுந்து, யாரோ கிள்ளியதைப்போலத் தன் பின்புறத்தையே திரும்பிப் பார்க்கும். நடந்துகொண்டிருக்கும்போதே தடாலென்று உட்கார்ந்துவிடும். வாலுக்கு அடியில் ஓயாமல் நக்கும். மலம் கழிக்க உட்கார்ந்து, எழுந்து, இடம் மாறி மறுபடி உட்காரும். வலி இல்லாமல், வீக்கமோ சிவப்போ இல்லாமல் இவை மட்டும் இருந்தால், கீழே பிழியும் முறையைப் பாருங்கள்.

பைகள் காலி, ஆனாலும் தேய்க்கிறதா?

முன்னங்கால் பாதங்களை நக்கிப் பழுப்பாக்கியிருக்கிறதா, காதில் அடிக்கடி அழற்சி வருகிறதா, அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். உணவு, தூசி உண்ணிகள், மகரந்தம் எதுவாகவும் இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றித் தோல் முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருப்பதும் இதன் அடையாளம். இந்த நாயை எத்தனை முறை பிழிந்தாலும் தேய்த்தல் நிற்காது. பிழியப் பிழியப் பைகள் வேறு புண்ணாகும். தோலுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும்.

வயதான நாய் ஒன்று, வாலடியைக் கடிப்பதோடு படியேறவும் தயங்கினால், வலி முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வரலாம். அதையும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

## அறிகுறி: திடீரென்று மீன் வாடை

ஒரே ஒரு முறை, நாய் பயந்தபோதோ மிரண்டபோதோ வந்து மறைந்ததா? பைகள் தாமாகச் சுருங்கிக் காலியாகியிருக்கின்றன. அது இயல்பான செயல். படுக்கையைத் துவைத்து, நாயின் பின்புறத்தைக் கழுவினால் போதும்.

நாள் முழுவதும் வாடை நீடிக்கிறது, நாய் எழுந்த இடத்தில் பழுப்புச் சொட்டு தெரிகிறது என்றால் பைகள் நிறைந்து கசிகின்றன. பிழியும் பகுதிக்குப் போகலாம்.

வாடை பின்புறத்திலா, வாயிலா என்று பிரித்துப் பாருங்கள். பின்புறத்தை நக்கும் நாயின் வாயிலும் அதே வாடை வரும். அதைப் பல் நோய் என்று நினைத்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமாக, பல் அழுகி வரும் நாற்றத்தைப் பின்புறத்தில் தேடுபவர்களும் உண்டு.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் பிறப்புறுப்பையும் பாருங்கள். இனச்சேர்க்கைக்கான சூட்டுக் காலம் முடிந்து சில வாரங்களில் நாற்றமடிக்கும் கசிவு, சோர்வு, அதிக தாகம் என்று சேர்ந்து வந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். கசிவே இல்லாமலும் இது வருவதுண்டு. ஆசனவாய்ப் பையை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உயிரைப் பறிக்கும் நோய் அது.

## வீட்டில் பிழியலாமா?

வலி இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, ரத்தம் இல்லை, நாய் வாலைத் தூக்க விடுகிறது. இந்த ஐந்தும் பொருந்தினால் மட்டும் செய்யலாம். அதிலும் முதல் முறை கால்நடை மருத்துவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அவர் முன்னால் ஒரு முறை நீங்களே செய்து காட்டிவிட்டு வாருங்கள். எழுத்தில் படித்து விரலுக்குச் சரியான அழுத்தம் வராது.

குளிக்கும் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். கையுறை, பெட்ரோலியம் ஜெல்லி, ஈரப் பஞ்சு, வெதுவெதுப்பான நீர் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒருவர் நாயின் மார்பையும் கழுத்தையும் அணைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கையால் வாலை அதன் அடிப்பகுதியில் பிடித்து மேலே, முதுகின் பக்கம் தூக்குங்கள். வலிக்கும்படி வளைக்க வேண்டாம். வால் நன்றாக மேலே போனால் பைகள் வெளிப்பக்கம் கொஞ்சம் எழும்பித் தெரியும்.

மறு கையில் பஞ்சை விரித்து ஆசனவாயை மூடியபடி வைத்து, கட்டைவிரலை ஒரு பைக்கு வெளியிலும் ஆள்காட்டி விரலை மறு பைக்கு வெளியிலும் வையுங்கள். சற்றுக் கீழிருந்து, முதலில் உள்நோக்கி மெதுவாக அழுத்தி, அந்த அழுத்தத்தை விடாமல் விரல்களை மேலும் நடுவுமாகக் கொண்டு வாருங்கள். பையின் வாய் ஆசனவாயின் ஓரத்திலேயே இருப்பதால், அதை நோக்கித்தான் தள்ள வேண்டும். நேராக நசுக்கினால் வாய் அடைபட்டுக்கொள்ளும். வெளியே எதுவும் வராது, நாய்க்கு வலி மட்டும் மிஞ்சும். முகத்தை நேர் எதிரே வைத்துக்கொள்ளாதீர்கள். பீய்ச்சினால் எட்டடி போகாது என்றாலும் கண்ணுக்கு எட்டும்.

இரண்டு முறை இதமாக முயன்று எதுவும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒன்று, பை காலியாக இருக்கிறது. அல்லது உள்ளே இறுகிவிட்டது, அதை வெளியிலிருந்து எடுக்க முடியாது. இறுகிய பையை மருத்துவர் ஒரு விரலை உள்ளே விட்டு, கட்டைவிரலை வெளியே வைத்து, பையை இரண்டுக்கும் நடுவில் பிடித்துக் காலி செய்வார். அதற்கும் அசையவில்லை என்றால் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் வழியாக உப்புநீரை விட்டு இளக்கிக் கழுவுவார். உள்ளே விரல் விடும் முறையை வீட்டில் செய்ய வேண்டாம். அங்கே கிழிந்தால் சிறிய காயமாக நிற்காது.

வெளியே வந்ததைப் பாருங்கள்

பஞ்சைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை, நீர்த்தோ சற்றுக் குழைந்தோ இருப்பது பரவாயில்லை. சாம்பல் பழுப்பில், குழாயிலிருந்து பிதுங்கும் பசைபோல நூலாக வந்தால் தேக்கம் ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை வந்துவிட்டது என்றாலும் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. மஞ்சளும் பச்சையும் கலந்த சீழ், ரத்தக் கீற்று, சாக்லேட் நிறம் ஆகியவை தொற்றின் அடையாளம். அங்கேயே நிறுத்திக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. நாய்க்கு வலி இருக்கிறதா என்பதுதான் நிறத்தைவிட நம்பத்தக்க சாட்சி.

காலியான பிறகு இரண்டு இடங்களையும் மறுபடி விரலால் தடவிப் பாருங்கள். அங்கே எதுவும் தட்டுப்படக்கூடாது. பிழிந்த பிறகும் ஒரு பக்கம் கெட்டியாக ஏதோ தங்கியிருந்தால், கீழே கட்டி பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

## அறிகுறி: பிழிந்து சில வாரங்களிலேயே திரும்ப வருகிறது

நான் அதிகம் வாதாடுவது இங்கேதான். குளிப்பாட்டும்போதெல்லாம் வழக்கமாகப் பிழிந்துவிடச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. தொல்லை இல்லாத நாய்க்கு அதைச் செய்ய நான் மறுத்துவிடுகிறேன். நன்றாக வேலை செய்யும் பையைத் தேவையில்லாமல் நசுக்கினால் உட்சுவர் வீங்கும், வாய் சுருங்கும். பிறகு அது தானாகக் காலியாகாது. தொல்லை உள்ள நாய்க்கும் பிழிவது அன்றைய நிவாரணம் மட்டுமே. மாதாமாதம் வர வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு காரணம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

மலம் குழைவாக இருக்கிறதா? முதலில் இதைச் சரிசெய்யுங்கள். மேசையிலிருந்து போடும் துண்டுகளையும், விதவிதமான தின்பண்டங்களையும் நிறுத்தி ஒரே உணவில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். மல மாதிரியை மருத்துவரிடம் கொடுத்துப் புழு முட்டையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நார்ச்சத்தைச் சேர்ப்பது மலிவான, பல நாய்களுக்குப் பலன் தரும் வழி. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காயை, சிறிய நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரிய நாய்க்கு ஓரிரு மேசைக்கரண்டி என்று உணவோடு கலந்து தொடங்கலாம். இசப்கோல் உமியும் உதவும். ஆனால் அதை நீரில் நன்றாக ஊறவைத்துத்தான் தர வேண்டும். காய்ந்த உமி குடலில் நீரை உறிஞ்சி மலச்சிக்கலை உண்டாக்கும். எதையும் படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வாயுவும் வயிற்றுப்போக்கும் வந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புவீர்கள். மனிதர்களுக்கு விற்கும் சர்க்கரை இல்லாத நார்ப்பொடிகளைத் தொடாதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். சிறிய அளவே நாயின் ரத்தச் சர்க்கரையை அபாயமாகக் கீழே தள்ளிவிடும்.

எடை கூடியிருக்கிறதா? விலா எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து இலேசாகத் தடவுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். கொழுப்பு சூழ்ந்த பைகளுக்கு மலத்தின் அழுத்தம் சரியாகப் போய்ச் சேராது.

மலமும் சரி, எடையும் சரி, தெள்ளும் இல்லையா? அடுத்த சந்தேகம் ஒவ்வாமைதான். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க, மருத்துவர் சொல்லும் ஒரே உணவைக் குறைந்தது 8 வாரம் தந்து பார்க்க வேண்டும். அந்த 8 வாரமும் வேறு எதுவும் வாயில் போகக்கூடாது. சுவையூட்டிய மாத்திரை, எலும்பு வடிவத் தின்பண்டம், குழந்தை கையிலிருந்து விழும் பிஸ்கட் எல்லாம் கணக்கில் வரும். இந்தச் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் உணவு அல்ல, வீட்டில் யாரோ ஒருவரின் இரக்கம். எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சிவாவா, பூடில், டாக்ஸ்ஹண்ட், ஷிட்சு, கேவலியர் ஸ்பேனியல் போன்ற இனங்களுக்கு இது அதிகம் வருகிறது. இனம் காரணமாக இருந்தாலும் மேலே சொன்னவற்றை விட்டுவிட வேண்டாம். இவற்றைச் சரிசெய்தால் பிழிய வேண்டிய இடைவெளியாவது நீளும்.

## அறிகுறி: ஒரு பக்கம் வீக்கம், சிவப்பு, தொட்டால் துடிக்கிறது

4 மணி அல்லது 8 மணிப் பக்கம் சூடாக, சிவந்து அல்லது ஊதா நிறத்தில் புடைத்திருந்தால், பையில் சீழ் கட்டியிருக்கிறது. நாய் உட்கார மாட்டாது. உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். சாப்பாடு குறையும், காய்ச்சல் வரலாம். எப்போதும் சாதுவான நாய்கூடக் கடிக்கும். அதற்காக அதைக் கண்டிக்காதீர்கள். அவ்வளவு வலி அது.

பிழியாதீர்கள். அழுத்தினால் பை உள்ளுக்குள்ளேயே உடைந்து, சீழ் சுற்றியுள்ள தசைக்குள் பரவும். ஊசியால் குத்திவிடவும் வேண்டாம். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலின் அளவு சற்றுத் தவறினாலும் கல்லீரலுக்கு ஆபத்து.

அன்றே, தவறினால் மறுநாள், மருத்துவரிடம் போங்கள். போகும் வரை செய்யத்தக்கது ஒன்றுதான்: வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிடம் வீக்கத்தின் மேல் வைப்பது. சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். நாய் அதையும் விடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கழுத்தில் கூம்பு மாட்டி நக்காமல் காத்தாலே போதும்.

மருத்துவர் மயக்கம் கொடுத்துக் கீறி, சீழை வடித்துக் கழுவி, வலி மருந்தும் தேவைக்கேற்ப ஆன்டிபயாட்டிக்கும் தருவார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நாள் கணக்கை முழுவதும் முடியுங்கள். இரண்டு நாளில் நாய் துள்ளத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களே அடுத்த மாதம் அதே வீக்கத்தோடு திரும்பி வருகிறார்கள்.

## அறிகுறி: ஆசனவாய்க்கு அருகே ஓட்டை, ரத்தமும் சீழும்

சீழ்க்கட்டி தானாக உடைந்துவிட்டது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், அழுத்தம் இறங்கியதால் நாய்க்கு வலி குறைந்திருக்கும். மலத்தில் ரத்தம் என்றும், வேறு நாய் கடித்துவிட்டது என்றும் பலர் நினைப்பது இதைத்தான். ஓட்டை ஆசனவாய்க்குப் பக்கத்தில், பை இருக்கும் இடத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதை ஊற்றிக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும், வீட்டுக் கிருமிநாசினியும் வேண்டாம். ஆறத் தொடங்கும் சதையை அவை எரித்துவிடும். கட்டுப் போட்டு மூடவும் வேண்டாம். காயம் உள்ளிருந்து வெளியாக ஆற வேண்டும். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். கூம்பு கட்டாயம். வெக்கையான காலத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த காயத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

உடைந்ததோடு விட்டதென்று மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். பையைக் கழுவாவிட்டால் பல நாய்களுக்குத் திரும்ப வருகிறது.

ஒரு ஓட்டை அல்ல, சுற்றிலும் பல ஓட்டைகளா? குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட் நாயாக இருந்தால், அது ஆசனவாய்ப் பை நோயாக இல்லாமல் ஆசனவாயைச் சுற்றி வரும் புரைநோயாக (ஆழமாகத் துளைத்துப் போகும் புண்கள்) இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தன் திசுவைத் தாக்குவதால் வருவது என்று கருதப்படுகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். இதை வீட்டில் வைத்துக் கழுவிக் கழுவி நாளைக் கடத்தினால் புரைகள் ஆழமாகிக்கொண்டே போகும்.

## அறிகுறி: மலம் கழிக்க முக்குகிறது

மலம் காய்ந்து உருண்டையாக வந்தால் மலச்சிக்கல். நீரும் நார்ச்சத்தும் போதுமா, எலும்பு அதிகம் தின்றதா என்று பாருங்கள். முக்கி முக்கி ஒன்றுமே வராமல் ஒரு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள்.

மலம் மென்மையாக இருந்தும், தட்டையாக நாடா வடிவில் வருகிறது என்றால் பாதையை ஏதோ அழுத்துகிறது. ஆண் நாயில் வீங்கிய புராஸ்டேட் சுரப்பியாக இருக்கலாம், உள்ளே கட்டியாகவும் இருக்கலாம். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்கு ஆசனவாயின் பக்கத்தில் மெத்தென்ற, வலியில்லாத புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமாக இருக்க வாய்ப்புண்டு. அந்தப் புடைப்போடு சிறுநீரும் போகவில்லை என்றால் சிறுநீர்ப்பை அதற்குள் சிக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

## அறிகுறி: கெட்டியான கட்டி, வலியே இல்லை

இது அமைதியாக இருக்கும். ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

வயதான காக்கர் ஸ்பேனியல் ஒன்றைப் பைகளைக் காலி செய்யக் கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் எளிதாகக் காலியாயின. இடது பக்கம் முற்றிலும் தளர்ந்துவிட்டது. வலது பக்கம் விரலுக்கடியில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு மணி, நகராமல் நின்றது. அழுத்தியபோது நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கேட்டேன். “வெயில் காலம் அல்லவா, கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறோம்” என்றார்கள். அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. அது புற்றுநோய்.

ஆசனவாய்ப் பையில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். கட்டி சிறியதாக இருக்கும்போதே வயிற்றுக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிடும் இயல்புடையது. பல நாய்களில் அது ரத்தக் கால்சியத்தை உயர்த்துவதால், தாகமும் சிறுநீரும் கூடும், சாப்பாடு குறையும். சில நேரம் கட்டி வெளியே தெரிவதற்கு முன்பே தண்ணீர்க் கிண்ணம் சொல்லிவிடும்.

அதனால் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிக அதிகம். 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டரைத் தாண்டுவது சாதாரணமல்ல. இதற்குச் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும்கூடக் காரணமாகலாம் என்பதால், கட்டி இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை தேவை. மருத்துவர் கட்டியில் ஊசி விட்டு மாதிரி எடுப்பார், வயிற்றுக்கு ஸ்கேனும் நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் எடுப்பார். 8 வயதைத் தாண்டிய நாய்க்கு, தொல்லை ஏதும் இல்லாவிட்டாலும், தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் ஆசனவாய்ப் பைகளை விரலால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

எல்லாக் கட்டியும் அப்படியல்ல. கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றித் தோலின் மேலேயே வரும் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. விதை நீக்கம் செய்தால் சுருங்கிவிடும். ஆனால் எது எது என்பதை ஊசி மாதிரிதான் சொல்ல வேண்டும், நம் கண் அல்ல.

## அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்னால்

புற்றுநோய்க்கு அது முதல் வழி. தொற்றுக்கு அது கடைசி வழி. உணவு, எடை, ஒவ்வாமை எல்லாம் பார்த்தும் சீழ் திரும்பத் திரும்பக் கட்டினால், பைகளை எடுத்துவிடுவது நாய்க்கு நல்லது. பைகள் இல்லாமல் நாய்க்கு எந்தக் குறையும் வராது. சீழ் இருக்கும்போது எடுக்க மாட்டார்கள். அழற்சி அடங்கும் வரை காத்திருப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள். வீங்கிய திசுவில் நரம்பையும் தசையையும் பிரித்தறிவது கடினம், அங்கே தவறினால் மலத்தை அடக்கும் திறன் போகக்கூடும். இந்த அறுவையை அடிக்கடி செய்பவரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அறுவைக்குப் பிறகு சில நாள் மலம் தானாகச் சிறிது நழுவி விழலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். அதற்காக நாயை அதட்டாதீர்கள். மலம் இளகலாக இருக்கும்படி உணவு கொடுத்து, தையலைச் சுத்தமாக வைத்து, கூம்பைத் தையல் பிரிக்கும் வரை கழற்றாதீர்கள். மாதங்கள் கழித்து அதே இடத்தில் கசிவோ ஓட்டையோ வந்தால், பையின் உட்சுவர் சிறிது தங்கிவிட்டிருக்கிறது. திரும்பக் காட்ட வேண்டும். தொற்றுக்காக எடுத்த பையாக இருந்தாலும், அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லி வைத்துவிடுவது நல்லது.